நாள் முழுக்க ஓடிய கிடை நாய்க்கு இரவில் செய்ய வேண்டியவை

காலையில் நாய் எழுந்து நிற்க முக்குகிறது என்றால், முந்தைய நாள் பொழுது சாய்ந்து பட்டிக்குத் திரும்பிய முதல் ஒரு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்று பார்க்க வேண்டும். ஓடிய ஓட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, ஓடத்தான் வளர்க்கிறோம்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் வெம்பூர் ஆடுகள் வைத்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் தாமிரபரணி வயல்களுக்கு இறங்கிக் கிடை போடுவோம், அதாவது வயலுக்கு உரமாக ஆடுகளை இரவில் அங்கேயே அடைத்து வைப்போம். பகலெல்லாம் மந்தையோடு நடை, இரவெல்லாம் கிடைக்காவல். துணைக்கு இரண்டு நாய்கள். சிப்பிப்பாறைக் கலப்பில் பிறந்த வேலன், கட்டுமஸ்தான இளவட்டம். கருப்பி நாட்டு நாய்; வாய் நரைத்துவிட்டது, ஆனால் குரல் நரைக்கவில்லை. ஒன்றுக்குச் செய்கிற பக்குவம் மற்றதற்கு அப்படியே பொருந்தாது என்பதால் இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில், நாய் நொண்டுவது மூட்டு வலியால்தானா என்று பாருங்கள். கால் தாங்கி நடக்கிற நாயைக் கண்டவுடன் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வருபவர்கள்தான் அதிகம். எங்கள் பக்கத்தில் சீமைக்கருவேல முள்தான் பாதி நொண்டலுக்குக் காரணம். டார்ச் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, பாதத்தைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலிடுக்காக விரித்துப் பாருங்கள். முள் ஒடிந்து உள்ளே போயிருந்தால் வெளியே ஒரு கரும்புள்ளிதான் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் நாய் காலை வெடுக்கென்று இழுக்கும். அங்கேதான் இருக்கிறது. நெருஞ்சி முள் என்றால் கையிலேயே குத்தும், தேடவே வேண்டாம். முள் இல்லை என்றால் நடக்கவிட்டுத் தலையைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற காலை ஊன்றும்போது தலை மேலே எழும்பும். நல்ல காலை ஊன்றும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் சப்பை எந்தப் பக்கம் தூக்கிப் போடுகிறது என்று பின்னால் நின்று பார்க்க வேண்டும். நாயின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. அதனால் தோளையும் முழங்கையையும் விட்டுவிட்டு இடுப்பை மட்டும் நீவிக்கொண்டிருப்பது வீண் வேலை.

திரும்பி வந்தவுடன் நாயைக் கட்டிப் போடக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்பவர்கள் இதைக் கடைப்பிடியுங்கள். கயிற்றில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள். ஓடிய சூட்டோடு படுத்த நாயின் தசை படுத்த நிலையிலேயே இறுகிவிடும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளே இருக்கும் வழவழப்பான நீர் புரண்டு வருவதுதான் அதற்கு ஊட்டம். எனவே ஓட்டத்திலிருந்து ஓய்வுக்குப் படிப்படியாக இறங்க வேண்டும்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். மூச்சு இரைப்பது அடங்கி, மேலும் ஒரு மணி நேரம் போன பிறகு சோறு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போல நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து மற்ற நாய்களைவிட அதிகம். முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வேலன் தட்டைப் பார்த்து எவ்வளவு கெஞ்சினாலும் நான் இரங்குவதில்லை.

அடுத்து ஒத்தடம். சூடா, குளிர்ச்சியா என்பதில்தான் குழப்பம். மூட்டு வீங்கியிருந்தால், தொட்டால் சுட்டால், அன்றைக்குத்தான் கால் பிசகியது என்றால் குளிர்ச்சி. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாளைக்கு அந்த இடத்தில் சூடு காட்டவே வேண்டாம். பனிக்கட்டிக்கு வயல்காட்டில் எங்கே போவது? கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போட்டாலும் ஓரளவு தாங்கும். வீக்கமே இல்லை, வயதின் விறைப்பு மட்டும்தான், குளிரிலும் மழையிலும் கூடுகிறது என்றால் சூட்டு ஒத்தடம். கருப்பிக்கு மார்கழி முழுக்க இதுதான்.

நெல் தவிட்டை வெறும் சட்டியில் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்துகொள்ளுங்கள். வீட்டில் மனிதர்களுக்குச் செய்கிற வழக்கப்படி கல்லுப்பு சேர்க்க வேண்டாம். நாய் முடிச்சைப் பிய்த்துத் தின்னப் பார்க்கும். அளவுக்கு மீறிய உப்பு அதற்கு நஞ்சு. முடிச்சை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கிற சூடுதான் அதற்கும். மயிர் மறைப்பதால் தோல் வெந்தாலும் உடனே தெரியாது. பத்து நிமிடம் போதும்.

ஒத்தடம் முடிந்த சூட்டிலேயே நீவி விட வேண்டும். நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூட்டின்மீது கை வைக்காதீர்கள். மூட்டுக்கு மேலும் கீழும் உள்ள தசைதான் உங்கள் இடம். பின்னங்கால் என்றால் தொடையின் பின்புறச் சதையை உள்ளங்கையால் மேல்நோக்கி, இதயத்தை நோக்கித் தள்ளுங்கள். கை வழுக்கிப் போகிற அளவு அழுத்தம் போதும். கருப்பியின் இடது தொடையில் கயிற்று முடிச்சுப் போல ஓர் இறுக்கம் இருக்கும். அதன்மேல் விரல்களைச் சும்மா வைத்துக் காத்திருப்பேன். அவள் பெருமூச்சு விட்டுத் தலையைத் தரையில் சாய்க்கும்போது அது இளகத் தொடங்கியிருக்கும். அவசரப்பட்டுப் பிசைந்தால் இன்னும் இறுகும்.

பிறகு காலை மடக்கி நீட்டும் பயிற்சி. ஒரு கை மூட்டுக்கு மேலே, ஒரு கை மூட்டுக்குக் கீழே. சைக்கிள் மிதிப்பது போன்ற போக்கில் மெதுவாக மடக்கி, மெதுவாக நீட்டுங்கள். காலுக்குப் பத்து முறை. நாய் காலை இழுத்தாலோ, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தாலோ, உதட்டை நக்கினாலோ அதுதான் எல்லை. அதைத் தாண்டித் தள்ளக் கூடாது. வீங்கிய மூட்டுக்கு இந்தப் பயிற்சியே கிடையாது.

படுக்கை பெரிய காரியம். நாள் முழுக்க உழைத்த நாயை ஈரக் கரிசல் மண்ணில் படுக்கவிட்டு, காலையில் அது நொண்டுவதைப் பார்த்து ஆச்சரியப்படுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு சாக்குகளில் வைக்கோலை அடைத்துத் தைத்துப் போடுங்கள். அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டு. முழங்கை தரையில் தட்டாத கனம் இருக்க வேண்டும். வைக்கோல் ஈரம் குடித்தால் மாற்றிவிடுங்கள். காவலுக்கு இருக்கிற நாய் இரவில் எழுந்து சுற்றத்தான் செய்யும். அது நல்லதே, மூட்டு உறைந்துபோகாது.

இனி, செய்யக் கூடாதவை. மருந்துக் கடையில் நமக்காக வாங்கிய வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் படுத்தும். டைக்ளோஃபினாக் ஏற்றிய மாட்டின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மாண்டதால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. கால்நடை மருத்துவர் மெலாக்சிகாம் போன்ற மருந்தை நாயின் எடையைப் பார்த்து எழுதித் தருவார். அதையும் வயிறு காலியாக இருக்கும்போதோ, வெயிலில் நீர் வற்றிப் போயிருக்கும்போதோ கொடுக்கக் கூடாது. தண்ணீர் குடித்து, சாப்பிட்ட பிறகுதான். தைலம், கற்பூர எண்ணெய், நமக்குத் தேய்க்கிற வலி நிவாரணிக் களிம்பு எதுவும் வேண்டாம். நாய் நக்காமல் விடாது, நக்கினால் வயிற்றுக்குள் போவது நஞ்சு.

மூட்டு வலி என்று நாம் நினைப்பது உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இன்று வலது முன்னங்கால், நாளை மறுநாள் இடது பின்னங்கால் என்று வலி இடம் மாறினால் சந்தேகப்படுங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா, தீனி குறைந்ததா, மூக்கில் இரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். மூக்கைத் தொட்டுப் பார்ப்பது காய்ச்சல் பார்ப்பதாகாது. ஆசனவாயில் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 103ஐத் தாண்டி நின்றால் ஒத்தடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். உண்ணியை நாயின் உடம்பில் மட்டும் பிடுங்கினால் தீராது. பட்டிச் சுவரின் வெடிப்புகளில் அது குடும்பத்தோடு குடியிருக்கும்.

தீனியைப் பற்றிச் சுருக்கமாக. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மூட்டுக்குக் கூடுதல் எடையைவிடப் பெரிய பகை இல்லை. உப்பில்லாமல் வேகவைத்த மத்தி மீன் வாரத்தில் இரண்டு மூன்று முறை கொடுக்கிறேன். மீன் கொழுப்பு மூட்டு அழற்சிக்கு உதவும். மஞ்சளைப் பற்றி ஊரில் பெரிதாகப் பேசுகிறார்கள். நான் அதை நம்பி மற்றதை விடுவதில்லை. நகம் தரையில் தட்டி ஓசை வந்தால் வெட்டிவிடுங்கள், நீண்ட நகம் பாதத்தின் ஊன்றலையே மாற்றிவிடும்.

மறுநாள் காலையில் மந்தையைத் திறக்கும் முன் நாயைக் கால் மணி நேரம் நடத்திப் பாருங்கள். பத்து நிமிடத்தில் விறைப்பு விட்டுப் போனால் வேலைக்கு அழைத்துப் போகலாம். நடக்க நடக்கக் கூடினால் அன்றைக்கு ஓய்வு. காலை ஊன்றவே மறுத்தாலோ, இரண்டு நாளில் குறையாவிட்டாலோ மருத்துவர். கருப்பி இப்போது தொலைவு நடப்பதில்லை. கிடை மாறும் நாளில் பட்டி மூங்கில்களோடு வண்டியில் ஏறி வருகிறாள். பகலில் குட்டிகளுக்குக் காவல், இரவில் குரைப்பது. நரி வந்தால் துரத்தும் வேலை வேலனுடையது.