மாத்திரை எழுதுமுன் மரபணுச் சோதனை: மலை டாக்டர்களுக்கு

கோத்தகிரியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். மருந்துக்காக மரபணுச் சோதனை என்றால், அது கோயம்புத்தூர் ஸ்பெஷலிஸ்டுகள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கக்கூடாது. அதற்காக எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கவும் வேண்டாம். ரிசல்ட் வந்தால் சீட்டில் எதை மாற்றப் போகிறோம் என்று முதலில் யோசியுங்கள். மாற்ற ஒன்றுமில்லை என்றால் தோட்டத் தொழிலாளியின் கூலிப் பணத்தை அதில் போடாதீர்கள்.

நான் மிகவும் கவனமாக இருப்பது கார்பமசெபைனில். வலிப்புக்கோ முக நரம்பு வலிக்கோ அதைப் புதிதாகத் தொடங்குமுன் ஹெச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பாருங்கள். அது இருப்பவருக்கு வாய் புண்ணாகி, தோல் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான மருந்து ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகம். ஆசிய வம்சாவளியினருக்கு இதைப் பார்க்கச் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007லேயே எச்சரித்தது. சாம்பிள் கீழே போய் ரிசல்ட் வரும்வரை வலிப்புக்கு லெவெடிரசெட்டம் மாத்திரை கொடுக்கலாம். பாசிட்டிவ் என்றால் கார்பமசெபைனும் வேண்டாம், அதன் இன மருந்தான ஆக்ஸ்கார்பசெபைனும் வேண்டாம், அதிலும் இதே ஆபத்து உண்டு. பல மாதங்களாகச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவருக்கு இந்தச் சோதனையால் பெரிய பயனில்லை. வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். நெகட்டிவ் என்றாலும் வேறு மரபணுக்களால் ஒவ்வாமை வரலாம். ஆகவே, "காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வாங்க" என்று சொல்லியே அனுப்புங்கள்.

அடுத்தது, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வருபவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் க்ளோபிடோக்ரல். கல்லீரலில் சிஒய்பி2சி19 நொதி மாற்றினால்தான் அது வேலை செய்யும். அந்த மாற்றம் சரியாக நடக்காதவர்கள் நம் மக்களில் கணிசம். சோதனைக்கு முன்னால் பையில் இருக்கும் மாத்திரைகளைக் கொட்டிப் பாருங்கள். அசிடிட்டி மாத்திரையான ஒமெப்ரசோல் இருந்தால் அதுவே அந்த நொதியைத் தடுக்கும்; பான்டோபிரசோலுக்கு மாற்றுங்கள். ரிசல்ட் மோசமாக வந்தாலும் க்ளோபிடோக்ரலை நாமாக நிறுத்தக்கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் அன்றே பேசுங்கள். அதற்குப் பதிலாக டிகாக்ரெலர், பிராசுக்ரெல் இரண்டில் எது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அப்புறம், மரபணு மாறாது, அதனால் ஒரு தடவை பார்த்தது ஆயுசுக்கும் செல்லும். ஆனால் நம் கிளினிக் ஃபைல் மேட்டுப்பாளையம் தாண்டாது. ரிசல்ட்டைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதுங்கள்: "கார்பமசெபைன் எனக்கு ஒத்துக்கொள்ளாது." வீட்டில் யாராவது ஒருவர் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள், அதே மரபணு அவர்களுக்கும் இருக்கலாம்.