செப்டம்பர் 30-உம் கீதை சொல்லும் ஐந்து காரணங்களும்

வரித் தணிக்கைக்குக் கடைசித் தேதியான செப்டம்பர் 30 நெருங்கினால் எனக்குத் தூக்கம் போய்விடும். கிளையண்ட் பில் தராவிட்டாலும், வருமான வரித் துறையின் போர்ட்டல் தொங்கினாலும், பழி என் தலையில்தான் என்று நெஞ்சு படபடக்கும். "பலனை எதிர்பார்க்காதே" என்பார்கள். டெட்லைன் இருக்கிறவனுக்கு அது எரிச்சலைத்தான் கிளப்பும்.

எனக்குக் கைகொடுத்தது கீதை 18:14. எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் என்கிறது: இருப்பிடமான உடல், செய்பவன், கருவிகள், பலவித முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். செய்பவன் ஐந்தில் ஒருவன்தான்!

இப்போது வேலை சிக்கினால் டைரியில் அந்த ஐந்தையும் வரிவரியாக எழுதுவேன். போர்ட்டல் 'கருவி'க்குப் போகும். கண் எரிச்சல் 'உடலு'க்கு. 'செய்பவன்' என்று எனக்கான வரியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு போன், ஒரு மெயில். அதை முடித்து லேப்டாப்பை மூடிவிடுகிறேன். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. அதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.