ஐம்பது நொடி, ஒரே ஷாட்: லூமியேர் வழியில் உங்கள் முதல் படம்

படம் எடுக்கப் பழகுகிறவர்கள் முதலில் வெட்டே இல்லாத ஒரு ஷாட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் டிக்கெட் போட்டுத் திரையிட்டவை அப்படிப்பட்ட படங்கள்தான். சுமார் 17 மீட்டர் பிலிம், கையால் சுழற்றும் கருவி. ஐம்பது நொடியில் பிலிம் தீர்ந்துவிடும். கேமராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் காலையில் படகுகள் கரை திரும்பும் நேரத்துக்குப் போங்கள். படகுக்காரர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு போனைப் பொருத்திய ட்ரைபாடை ஊன்றுங்கள். மணலில் அதன் கால்களை நன்றாக அழுத்திப் புதைத்துவிட வேண்டும். கிம்பல் (நடக்கும்போது படம் ஆடாமல் தாங்கும் கைப்பிடிக் கருவி) வேண்டவே வேண்டாம்.

கடலுக்கு நேர் எதிரே வைத்தால் சூரியன் கண்ணைப் பறிக்கும், ஆட்கள் கறுத்துப்போவார்கள். வடக்கு நோக்கி, சற்றே கடல் பக்கம் திருப்பி வையுங்கள். படகு வலப்பக்கத் தொலைவில் புள்ளியாகத் தோன்றி, இடப்பக்கம் உங்கள் அருகே வந்து நிற்கும். பிரான்ஸின் லா சியோட்டா நிலையத்துக்குள் ரயில் வந்து நிற்பதைக் காட்டும் லூமியேர்களின் படத்தின் சூட்சுமமும் இதுதான். ரயில் மூலைவாக்கில் வருவதால் தூரக்காட்சியும் அண்மைக்காட்சியும் ஒரே ஷாட்டில் அமைந்துவிடுகின்றன.

அடுத்து எக்ஸ்போஷர், அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிவாகிறது என்பது. என்னைப் படாதபாடு படுத்திய இடம் இது. வெள்ளை நுரை பிரேமுக்குள் பொங்கியதும் போன் படத்தை இருட்டாக்கும். படகின் நீலப் பக்கவாட்டு திரையை நிறைத்ததும் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஷாட் முழுக்க ஒளி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஈர மணலின் மீது விரலை வைத்து, பூட்டு அடையாளம் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். நுரையிலோ வானத்திலோ அழுத்தாதீர்கள். படகு வந்து நிற்கப்போகும் இடத்தின் மணலைத் தேர்ந்தெடுத்தால் போகஸும் அங்கேயே நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் எனக்குப் பிடித்தது ஓப்பன் கேமரா செயலி. இலவசம், பூட்டு நழுவுவதில்லை.

படகு புள்ளியாகத் தெரியும்போதே பதிவைத் தொடங்குங்கள். ஐம்பது நொடி ஆனதும் நிறுத்திவிடுங்கள், வலையை இறக்கி முடித்திருக்காவிட்டாலும்.

பின்சேர்க்கை: மீன் மார்க்கெட்டுக்குள் எடுத்த வாசகர் ஒருவருக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பட்டை பட்டையாக மினுங்கியிருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி என்று வையுங்கள், சரியாகிவிடும்.