பிரான்ஸ் வைனை வன்னி வெயிலில் வைத்திருப்பது எப்படி

ஆடி, ஆவணியில் பாரிஸிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டியில் சொக்லேட்டோடு ஒரு சிவப்பு வைன் போத்தலும் இருக்கும். கிளிநொச்சியில் பல வீடுகளில் அது நேரே கண்ணாடி அலுமாரிக்குள் போய், வருபவர்களுக்குக் காட்சிப் பொருளாக நின்றுவிடுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிரான்ஸில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்திலுள்ள வைன் பகுதியான மெடொக்கில் திராட்சை வெட்டும் காலங்களில் வேலை செய்தவன் நான். அந்தப் போத்தலுக்குள் எவ்வளவு பாடு இருக்கிறதென்று தெரிந்ததால் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்துப் பெரிய பெயர் ஷத்தோ மார்கோ. 1855இல் போர்தோ வைன்களைத் தரம் பிரித்தபோது முதல் வரிசையில் வந்த நான்கு தோட்டங்களில் அதுவும் ஒன்று. நிலம் முழுக்கக் கூழாங்கல். மழைத்தண்ணீர் தங்காது, வேர் ஆழத்துக்கு இறங்கித்தான் பிழைக்க வேண்டும். கூடுதலாக நடுவது கபர்னே சொவினியோன் என்ற கறுப்புத் திராட்சை. சின்னப் பழம், தடித்த தோல். கையால்தான் பறிப்பார்கள். சாறு வெளிறிய நிறம். தோலோடு சேர்த்துப் புளிக்க விடுவதால்தான் சிவப்பும் துவர்ப்பும் ஏறுகின்றன. பிறகு 225 லீட்டர் ஓக் பீப்பாய்களில் ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை கிடக்கும். கலங்கலைத் தெளிவிக்க இன்றும் முட்டை வெள்ளைக்கருவைத்தான் ஊற்றுகிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது மார்கோவாக இருக்க வேண்டியதில்லை. கடை வைனுக்கும் வெயில் ஒன்றுதான்.

வைனுக்குப் பிடித்தது 12, 13 பாகை. நம் ஊரில் சோளகக் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே 35ஐத் தாண்டும். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், இடுக்கால் காற்றுப் போகும். தக்கை மேலெழுந்து, கழுத்தில் பிசுபிசுப்பாக ஒழுகியிருந்தால் சூடு பட்டுவிட்டதென்று அர்த்தம். ஆகவே பிரிஜ்ஜின் அடித்தட்டில், துணி சுற்றிப் படுக்க வையுங்கள். படுத்திருந்தால்தான் தக்கை நனைந்து இறுக்கமாக இருக்கும். பிரிஜ் இல்லையென்றால் மண்சுவர் வீட்டின் இருட்டு மூலையில், தரையோடு வைக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் வைக்காமல் சீக்கிரம் திறந்துவிடுங்கள். பிரிஜ்ஜுக்கு மேலே மட்டும் வேண்டாம், அங்கே சூடும் அதிர்வும் இரண்டும் உண்டு.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட போத்தல் என்றால் அடியில் மண்டி இருக்கும். அதைப் பார்த்துப் பழுதாகிவிட்டதென்று ஊற்றிவிடாதீர்கள். நிறமும் துவர்ப்பும் காலப்போக்கில் ஒன்றாகத் திரண்டு படிந்ததுதான் அது. முதல்நாளே போத்தலை நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் ஆட்டாமல் திறந்து, கழுத்துக்குக் கீழே ரோச் வெளிச்சம் படும்படி பிடித்து, கண்ணாடி ஜக்குக்குள் மெல்லிய தாரையாக, நிறுத்தாமல் ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தினால் மண்டி கிளம்பிவிடும். வெளிச்சத்தில் புகைபோல ஒரு கோடு கழுத்தை நோக்கி வருவது தெரியும். அந்த இடத்தில் கையை நிமிர்த்துங்கள். அடியில் இரண்டு வாய் மிஞ்சும், போகட்டும். பழைய வைனை ஊற்றியதும் குடிக்க வேண்டும். இளம் வைன் என்றால் ஒரு மணி நேரம் ஜக்கில் காற்றாட விடுங்கள், நாவற்பழம் தின்றது போல நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு கொஞ்சம் தணியும்.

குடிக்கும்போது 16 முதல் 18 பாகை போதும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்து நம் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தாலே அந்த அளவுக்கு வந்துவிடும். ஐஸ் போடாதீர்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றவும் வேண்டாம், மணம் நிற்க இடம் வேண்டும்.

சரி, என்ன சாப்பாடு? செத்தல் மிளகாய் அள்ளிப் போட்ட கறி சரிவராது. உறைப்பு துவர்ப்பை இன்னும் கசப்பாக்கும். மிளகும் உள்ளியும் போட்டுப் பிரட்டிய ஆட்டிறைச்சி நன்றாகச் சேரும். மீன் குழம்போடு வேண்டவே வேண்டாம்.

மிச்சமிருந்தால் சின்னப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, மூடி பிரிஜ்ஜில் வையுங்கள். இளம் வைன் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு இறைச்சி ஊறவைக்க எடுங்கள்.