கிட்டில் பாஸ்வேர்டு ஏறிவிட்டதா?

பாளையங்கோட்டையில் எங்கள் ஆபீசுக்குப் புதுசாக வந்த தம்பி, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git), டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்த ஃபைலையும் சேர்த்து கமிட் அடித்து (அதாவது பதிவு செய்து), எல்லோரும் பகிரும் சர்வருக்கு புஷ் பண்ணிவிட்டான். பதறிப்போய் ஃபைலை அழித்து இன்னொரு கமிட். "அண்ணாச்சி, அதான் அழிச்சிட்டேம்லா!" எங்கே அழிந்தது? பழைய கமிட்டைத் திறந்தால் பாஸ்வேர்டு பல்லிளிக்கிறது. லேசில் மறக்காது என்றுதானே கிட்டையே வைத்திருக்கிறோம்!

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஹிஸ்டரியை, அதாவது பழைய கமிட்களைக் கழுவுவதெல்லாம் அப்புறம்.

கிட் கண்டுகொள்ளக் கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் (.gitignore) பெயரை எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலிடம் அது செல்லாது. கிட் இனிமேல் அந்த ஃபைலைக் கவனிக்காமல் இருக்க, 'கிட் ஆர்எம்' கமாண்டை 'கேஷ்டு' ஆப்ஷனோடு (git rm --cached) கொடுத்து கமிட் பண்ணுங்கள். ஃபைல் உங்கள் மெஷினில் அப்படியே இருக்கும். ஆனால் கூட இருப்பவர்கள் புல் பண்ணினால் (புது மாற்றங்களை இறக்கிக்கொண்டால்) அவர்கள் மெஷினில் அது போய்விடும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.