படகுக்குப் பின்னால் பாலம் பெருசா தெரியுதே, அது லென்ஸ் வேலையா?

பாம்பன் கரையில் ஏற்றிவைத்த நாட்டுப்படகு, அதன் பின்னால் ரயில் பாலம். இந்தப் படத்தை எடுக்காத ஆள் எங்கள் பக்கம் குறைவு. பாலம் படகின் முதுகிலேயே ஏறி நிற்பதுபோல வந்துவிட்டால் உடனே, "டெலி லென்ஸ், அதுதான் நெருக்கிடுச்சு" என்பார்கள். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸைத்தான் டெலி லென்ஸ் என்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நெருக்குவது லென்ஸ் இல்லை, நாம் நிற்கிற தூரம். படகிலிருந்து நூறு அடி தள்ளி நின்று ஜூம் இல்லாமல் ஒரு படம், அசையாமல் அதே இடத்தில் ஜூம் போட்டு இன்னொன்று எடுங்கள். முதல் படத்தை இரண்டாவதின் அளவுக்கு வெட்டிப் பாருங்கள். புள்ளி உடைந்து அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் படகுக்கும் பாலத்துக்கும் உள்ள அளவு அப்படியே இருக்கும். அப்புறம் படகுக்குப் பக்கத்தில் போய், அணியம் (படகின் முன்முனை) மூக்கில் இடிக்கிற தூரத்தில் நின்று எடுங்கள். படகு பூதமாக இருக்கும், பாலம் குச்சியாகிவிடும். பெர்ஸ்பெக்டிவ் என்பது இதுதான், அதை மாற்றுவது கால்கள்.

லென்ஸில் ஒளி நுழையும் திறப்பைச் சொல்லும் எஃப் எண்ணில் எல்லோருமே ஒருமுறை ஏமாறுவோம். 16 பெரிய எண், அதனால் பெரிய திறப்பு என்று தோன்றும். அது வகுத்தல் கணக்கு, லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம்: குவியத் தூரம் 50 மி.மீ. உள்ள லென்ஸில் எஃப் 2 என்றால் திறப்பு 25 மி.மீ., எஃப் 16 என்றால் 3 மி.மீ. சொச்சம். திறப்பு சின்னதானால் ஒளி குறையும், முன்னும் பின்னும் தெளிவாக விழும் பரப்பு கூடும்.

தனுஷ்கோடி தேவாலயச் சிதிலத்தின் முன்னால் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து எடுத்து, முகம் கறுத்துப்போனதும் "சில்லவுட்" என்று போட்டுவிடுவது இன்னொரு வழக்கம். சில்லவுட் என்றால் வெளிக்கோடு மட்டும் பார்த்தே அது என்ன என்று புரிய வேண்டும். ஆளும் சுவரும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டால் அது வெளிச்சக் கணக்கு தவறிய படம், அவ்வளவுதான்.

வீடியோக்காரர்களுக்கு: ஓடுகிற படகில் இருந்தபடி கரையை எடுத்தால் கேமராவே இடம் நகர்வதால் அது பேன் இல்லை, டிராக்கிங். கேமரா நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்பினால்தான் பேன், மேலும் கீழும் என்றால் டில்ட். அதேபோல ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் இருப்பது ஷாட். ஒரே இடம், ஒரே நேரத்தில் நடப்பதைச் சொல்லும் பல ஷாட் சேர்ந்தது சீன். "அந்த சீன் செம ஷாட்டு" என்று நாம் சொல்வதில் இரண்டுமே குழம்பிவிடுகிறது.

கடைசியாக, ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம். அங்கே ஆண்ட சேதுபதிகள் காலத்துச் சுவர்ப்படங்களைப் பார்த்துவிட்டு, "பெர்ஸ்பெக்டிவ் தெரியாம வரைஞ்சிருக்காங்க" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். தூரத்தை வைத்து அளவு போடும் மரபே அது இல்லை. ராஜாவும் தெய்வமும் முக்கியம் என்பதால் பெரிது. அப்புறம், சுவரில் இருப்பதெல்லாம் ஃப்ரெஸ்கோவும் ஆகாது. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் ஏற்றினால்தான் அந்தப் பெயர். எந்த முறை என்று தெரியாவிட்டால் சுவரோவியம் என்று சொல்லிவிடுங்கள், தப்பு வராது.