துவக்கோடு போர்டர் கடப்பது: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வேலையிடத்தில் யாராவது ஒருவர் உங்களை மான் வேட்டைக்குக் கூப்பிடுவார். அவர் சின்ன வயதிலிருந்தே தகப்பனோடு காட்டுக்குப் போனவர், றைபிளைக் காரில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்வருவது அவருக்குப் பழகிப்போன விஷயம். நம்மில் நிறையப் பேருக்குத் துவக்கும் சோதனைச் சாவடியும் ஒன்றாக நினைவுக்கு வந்தாலே வயிற்றைப் பிசையும், அங்கே வாயைத் திறக்காமல் கடந்து போவதுதான் பிழைக்கும் வழியாக இருந்தது. அந்தப் பழக்கத்தோடு இந்த எல்லைக்குப் போகாதீர்கள். இங்கே அதிகாரி கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

முதலில் கனடாவின் துவக்கு லைசென்ஸ். பி.ஏ.எல். என்பார்கள், கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி. கொடுப்பது. பாதுகாப்பு வகுப்புக்குப் போய் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியாக 80 வீதம் எடுக்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் அதைவிட அதிகமாகவே இழுக்கும். படிவத்தில் கணவரோ மனைவியோ கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கிறது, போடாவிட்டால் அவர்களுக்கு அறிவிப்பார்கள், ஆகவே வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு நேரே அமெரிக்காவுக்குள் றைபிளோடு போகலாமா என்றால், முடியாது. பி.ஏ.எல். கனடாவுக்குள் மட்டும்தான் செல்லும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் ஏ.டி.எஃப். என்ற, துப்பாக்கி விஷயங்களைப் பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பிடம் 6 என்.ஐ.ஏ. என்ற படிவத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், அதற்கு அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலத்தின் காலாவதியாகாத வேட்டை லைசென்ஸோ துப்பாக்கி சுடும் போட்டிக்கான அழைப்போ காட்ட வேண்டும். அனுமதி வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். நவம்பர் வேட்டைக்கு ஒக்டோபரில் விண்ணப்பித்துவிட்டுக் கையைப் பிசைவதில் பயனில்லை, கோடையிலேயே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, இது நம்மவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் கடவுச்சீட்டு இலங்கையுடையதோ இந்தியாவுடையதோ என்றால் விசிட் விசாவில்தானே அமெரிக்காவுக்குப் போகிறீர்கள். அப்படி விசாவில் உள்ளே போனவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அவர்களுடைய மத்திய சட்டப்படி குற்றம். அமெரிக்க மாநிலம் ஒன்றின் முறையான வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. சொந்தத் துவக்கு கொண்டு போகாவிட்டாலும் இது பொருந்தும். அங்கே இருக்கும் மச்சான் ஆசையாகச் சுடும் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் "ஒரு தடவை சுட்டுப் பார்" என்று கையில் தருவார், நீங்கள் சிரித்துக்கொண்டு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவீர்கள். அந்த வேட்டை லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு அந்தப் படமே சாட்சியாகிவிடும்.

திரும்பி வரும்போது, இந்தத் துவக்கு கனடாவிலிருந்து போனதுதான் என்று காட்ட வேண்டியிருக்கும். போகும்போதே கனடா எல்லை அலுவலகத்தில் நிறுத்தி, தொடர் எண்ணை எழுதிக் கொடுத்து பி.எஸ்.எஃப். 407 என்ற அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான், பத்து நிமிட வேலை, வரும்போது பெரிய தலைவலியைத் தவிர்க்கும். மான் இறைச்சி கொண்டுவருவதென்றால், தலையும் முள்ளந்தண்டும் அப்படியே உள்ள உடலை ஒன்ராறியோவுக்குள் கொண்டுவர முடியாது, மான்களுக்கு வரும் ஒரு மூளை நோய்தான் காரணம். எலும்பு நீக்கிக் கட்டிய இறைச்சியாகக் கொண்டு வாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் தன் றைபிளோடு இங்கே வருகிறார் என்றால், 18 வயதுக்கு மேற்பட்டவர் ஆர்.சி.எம்.பி. 5589 படிவத்தை நிரப்பி எல்லையில் 25 கனேடிய டொலர் கட்ட வேண்டும், 60 நாளுக்கு அது தற்காலிக லைசென்ஸாகச் செல்லும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள், அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே கடையில் சாதாரணமாக விற்கிற சில இங்கே தடை. ஏ.ஆர். 15, ரூகர் மினி 14 என்ற றைபிள்கள் இரண்டும் 2020 மே 1 முதல் தடை செய்யப்பட்டவை. சத்தம் குறைக்கும் சைலன்சர் எதுவுமே கூடாது. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் வேட்டை றைபிள்களில் பெரும்பாலானவற்றின் மகசீனில், அதாவது தோட்டா நிரப்பும் கூட்டில், ஐந்து தோட்டாவுக்கு மேல் போகக் கூடாது. கைத்துப்பாக்கியைப் "பாதுகாப்புக்கு" என்று காரில் போட்டுக்கொண்டு வந்து எல்லையில் பறிகொடுக்கிறவர்கள் உண்டு, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

எல்லையில் எப்படி நடந்துகொள்வது? தோட்டா இறக்கிய றைபிள், பூட்டிய பெட்டி, டிக்கிக்குள். ஜன்னலை இறக்கிக் கடவுச்சீட்டைக் கொடுக்கும்போதே "டிக்கியில் இரண்டு வேட்டை றைபிள் இருக்கிறது, பத்திரங்கள் இதோ" என்று சொல்லுங்கள். இறங்கித் திறந்து காட்டப் போகாதீர்கள். எடுக்கச் சொன்னால் ஒழிய அதைத் தொடவே வேண்டாம், திறப்பை மட்டும் கேட்டால் கொடுங்கள். அவர்கள் சோதித்து முடிக்கும் வரை கைகளை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நில்லுங்கள். விமானத்தில் என்றால், கையில் கொண்டுபோகும் பையில் எதுவும் கூடாது. பூட்டிய கடினமான பெட்டியில் வைத்து செக்இன் கவுண்டரில் சொல்லிவிட வேண்டும், தோட்டா ஆளுக்கு 5 கிலோ வரைதான்.

வேறு ஒருவரின் காரில் ஏறுகிறீர்கள் என்றால், ஏறுவதற்கு முன் டிக்கியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சொல்லாமல் கொண்டுபோகிற துவக்கு பிடிபட்டால் காரில் இருக்கிற எல்லாரையும்தான் இறக்கி விசாரிப்பார்கள், குடியுரிமை இன்னும் வராத ஆளுக்கு ஒரு குற்றப் பதிவு என்பது வதிவிடத்தையே ஆட்டிவிடக் கூடியது.

போன வருடம் அமெரிக்காவுக்குக் கடக்கும் பீஸ் பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தி, பழைய வேட்டைக் கோட்டின் உள்பையைத் தடவிப் பார்த்தேன். மூன்று தோட்டா இருந்தது. அந்தத் தடவை றைபிளே கொண்டுபோகவில்லை, குளிருக்கென்று எடுத்த கோட் அது. காரைத் திருப்பி வீட்டுக்குப் போய் அதைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினேன், இரண்டு மணித்தியாலம் போயிற்று. உங்கள் கோட், காலணிப் பை, இருக்கைக்கு அடியில், கதவுப் பெட்டி எல்லாவற்றையும் முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள்.